கணக்குத் தெரியாத கடன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. மகள் பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இனி ஒரே வீட்டில் இரண்டு வக்கீல்கள், உன் வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி ஆர்லாண்டோவில் எல்லோரும் சௌக்கியம்.

ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கு அமெரிக்காவில் ஓட்டே கிடையாதாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். அது மாநிலத்தைப் பொறுத்தது. மெய்ன், வெர்மான்ட் இரண்டிலும் உள்ளே இருப்பவர்களே ஓட்டுப் போடலாம். எங்கள் ஃபுளோரிடா அதற்கு நேர் எதிர். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் ஓட்டுச் சாவடிக்கு வரத் தொடங்கிய காலம் அது. யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உரிமையைத் திரும்பப் பெற ஒரே வழிதான் இருந்தது. மாநிலத் தலைநகர் டலஹாசியில் ஆளுநரும் அமைச்சர்களும் உட்காரும் கருணைக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். ஆள் மாறினால் விதியும் மாறும். சார்லி கிறிஸ்ட் ஆளுநராக இருந்த 4 ஆண்டுகளில் சுமார் 1.5 லட்சம் பேருக்கு உரிமை திரும்பியது. அடுத்து வந்த ரிக் ஸ்காட்டின் 8 ஆண்டுகளில் 3,000 பேர் சொச்சம்தான். விண்ணப்பம் போடுவதற்கே 5 அல்லது 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று வேறு ஆக்கிவிட்டார்கள்.

இதை மாற்றக் கிளம்பியவர்களில் டெஸ்மண்ட் மீட் என்றொருவர். போதைப் பழக்கம், சிறை, வீடில்லாத வாழ்க்கை எல்லாம் பார்த்தவர். 2005-இல் சாவதற்காகத் தண்டவாளத்தருகே நின்றிருக்கிறார், ரயில் வரவில்லை. அப்புறம் படிக்கப் போய் 2014-இல் சட்டப் பட்டம் வாங்கினார். 2016-இல் அவர் மனைவி மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, கட்டிய மனைவிக்கு ஓட்டுப் போட இவரால் முடியவில்லை! மீடும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, 2018 நவம்பரில் மாநில அரசியல் சட்டத்துக்கு நான்காவது திருத்தம் என்ற ஒன்றை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 60 சதவீதம் வேண்டியிருந்தது, 64-க்கும் மேலேயே கிடைத்தது. கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவர்களுக்குத் தண்டனை முடிந்ததும் வாக்குரிமை. சுமார் 14 லட்சம் பேர் பயன்பெறுவார்கள் என்றார்கள். நானும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டேன்.

ஆனால் கோமதி, தண்டனை எப்போது முடிகிறது? நீ வக்கீல், கேள்வி எங்கே இடிக்கும் என்று உனக்கே புரியும். அடுத்த ஆண்டே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அபராதம், நஷ்டஈடு, தண்டனையோடு விதித்த கோர்ட் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாம். கட்டாத பாக்கி தனியார் வசூல்காரர்களிடம் போகும், அவர்கள் 40 சதவீதம் வரை மேலே ஏற்றலாம். இதைவிடக் கொடுமை, யார் எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் அரசிடமே கணக்குக் கிடையாது. பழைய வழக்காக இருந்தால் தீர்ப்பு நகலைத் தேடி அலைய வேண்டும். நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் 2020 மே மாதம் இது காசு கட்டினால்தான் ஓட்டு என்கிற ஏற்பாடு என்று சொல்லிப் பெரும்பகுதியை ரத்து செய்தார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-க்கு 4 என்று அவர் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

2022-இல் இன்னொன்று நடந்தது. ஆகஸ்டில், தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்தார்கள். திருத்தத்தில் விலக்கப்பட்ட குற்றங்களைச் செய்தவர்கள்தான். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையைக் கொடுத்ததே அரசு அலுவலகம்தான். விலங்கு மாட்டும்போது அவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்ததை வீடியோவில் பார்த்தேன். எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் ஓட்டுநர் ஒருவர், பழைய போதைமருந்து வழக்கு. அவருக்குத் தகுதி இருக்கலாம். “கணக்கில் பத்து டாலர் விட்டுப்போயிருந்தால்கூட மறுபடி உள்ளேயா போவேன்?” என்று பதிவு செய்ய மறுக்கிறார். நான் வற்புறுத்தவில்லை. 1868-இன் தடை செய்த வேலையை இப்போது பயம் செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் திரும்பக் கிடைப்பது ஓட்டு மட்டும்தான். ஜூரியில் உட்காரவும் பதவிக்கு நிற்கவும் இன்னும் அதே கருணைக் குழுதான்.

நம் ஊரில் ஜெயில் கதவைத் தாண்டியதும் ஓட்டு வந்துவிடுகிறது, மேலானதுதான். ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு தீர்ப்பே வராத விசாரணைக் கைதியையும் தடுக்கிறதே? 2024 மக்களவைத் தேர்தலில் காஷ்மீர் அரசியல்வாதி எஞ்சினியர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே பாரமுல்லாவில் ஜெயித்தார். நிற்கலாம், ஜெயிக்கலாம், ஓட்டு மட்டும் போடக்கூடாது என்றால் என்னடி நியாயம்? ஜாமீன் கட்ட வசதியில்லாமல் பாளையங்கோட்டையில் கிடப்பவர்களை நீ அடிக்கடி பார்க்கிறவள். யாராவது உன்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்களா, நீ என்ன சொல்வாய் என்று விவரமாக எழுது.

மகளுக்கு என் ஆசீர்வாதம். அவள் முதல் வழக்கு எது என்பதையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
விஜி