சார் ஓய்வு பெற்ற விழாவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்பு நண்பர்களே,

போன சனிக்கிழமை விழா நல்லபடியாக முடிந்தது. பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் சார் என்றே எழுதுகிறேன். அமெரிக்கப் பேராசிரியர்தான், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார், தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்குத்தான் கடைசிவரை வாய் வரவில்லை.

கதிர்வீச்சில் சிப்புகள் எப்படிக் கெடுகின்றன என்பதுதான் 35 வருடமாக அவர் பார்த்த வேலை. முதல் வகுப்பில் டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோளின் கதையைச் சொல்வார். 1962 ஜூலை 9-இல் பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு அணுகுண்டை வெடித்தது, மறுநாளே அந்தச் செயற்கைக்கோள் கிளம்பியது. வெடிப்பில் வந்த எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருக்க, அதற்குள்ளேயே போய்ப்போய் வந்த டிரான்சிஸ்டர்கள் சில மாதங்களில் மக்கர் செய்தன. தரையிலிருந்தே வைத்தியம் பார்த்து ஒருமுறை எழுப்பினார்கள், 1963 பிப்ரவரியில் மொத்தமாக அடங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் சார் பேசியது நாலே நிமிடம், அதில் மூன்று நிமிடம் ராத்திரி ஷிப்டில் கண் விழித்தவர்களைப் பற்றி. முதல் நன்றியும் அவர்களுக்குத்தான்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், அயனிகளை வேகமூட்டிச் சிப்புகள் மேல் பாய்ச்சும் சைக்ளோட்ரான் இயந்திரத்தின் ஆபரேட்டர்களே, உங்களில் ஒருவருக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். கன அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற கனமான அணுக்கள், பிளாஸ்டிக் உறையைத் தாண்டி உள்ளே போகாது என்பதால் சிப்பின் மேல்மூடியை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டுத்தான் பீமுக்கு, அதாவது அந்த அயனிக் கற்றைக்கு, முன்னால் வைப்போம். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் அப்படியே வெளியே தெரியும். என் முதல் ஷிப்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, சாமணம் தவறி அதில் ஒரு கம்பி அறுந்தது. பீமுக்கு மணிக்கணக்கில் காசு. "நீ வேற போர்டு மாட்டு, பின்னாடி மாத்த வேண்டிய அயனியை நான் இப்பவே மாத்திடறேன்" என்று சொல்லி அந்த நேரம் வீணாகாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். சார் திட்டவில்லை. எத்தனை உபரி சிப் கொண்டுவந்தாய் என்று கேட்டார். ஒன்று என்றேன். அடுத்த தடவை நாலு கொண்டுவா என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் காமா கதிர் வீசும் எங்கள் கோபால்ட்-60 அறையைப் பார்த்துக்கொண்டவர். பைபோலார் என்ற டிரான்சிஸ்டர் வகையில் செய்த சில சிப்புகளுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: அதே அளவு கதிர்வீச்சை வேகமாகக் கொடுத்தால் தாங்கும், விண்வெளியில் மாதிரி மெதுவாகக் கொடுத்தால் அதிகமாகக் கெடும். 1991-இல்தான் இது பிடிபட்டது. அதனால் அவசரமாகச் சோதித்து 'பாஸ்' போட முடியாது. வினாடிக்கு 0.01 ராட் (உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் ஒரு லட்சம் ராட் சேர ஒரு கோடி வினாடி ஆகும், அதாவது ஏறக்குறைய 116 நாள். கிறிஸ்துமஸ் அன்றுகூட வந்து அளவு குறித்துவிட்டுப் போனாரே, அந்த மனிதரை விழா மேடைக்கு இழுத்துவர நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

துறை அலுவலக அக்காவுக்கு நன்றி, கடைசி வாரத்தில் அரங்கம் பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான். 25 வருட லாக் புத்தகங்களை ஸ்கேன் செய்த அண்ணனுக்கும், எண்பது பேருக்குத் தயிர்சாதம் கிளறிக் கொண்டுவந்த அண்ணிக்கும் நன்றி.

பரிசு யோசனை யாருடையது என்று தெரியவில்லை, ஆனால் அசத்திவிட்டது. பழைய மாணவர்கள் அவரவர் கொன்ற சிப்புகளை அனுப்பிவைக்க, மொத்தம் 41, தேதியும் காரணமும் எழுதிச் சட்டத்தில் ஒட்டிக் கொடுத்தோம். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், கூட்டம் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தது. என்னுடையதில், ஒரே அயனியில் மின்னோட்டம் எகிறிச் சிப் கருகுகிற 'லாட்ச்-அப்' என்று கௌரவமாக எழுதியிருந்தேன்.

அதில் வந்து நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது லாட்ச்-அப் இல்லையே, சாமணம்தானே?"