செத்த குரங்குக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிது புதிதாகக் கிளம்பும் வைரஸ் நோய்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், இத்தகைய நோய்கள் எல்லாமே விமானம் ஏறி வெளிநாட்டிலிருந்து வருபவை என்ற எண்ணத்தையே அது தருகிறது. சேலம் மாவட்டத்து மலைக்கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டவன் நான். நம் பக்கத்து மாநிலத்துக் காட்டிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோய் ஒன்று இருக்கிறது. கியாசனூர் காட்டு நோய் என்பார்கள். குரங்குக் காய்ச்சல் என்றால் பலருக்கும் தெரியும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரும் ஏமாற்றம்.

1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. கூடவே, காட்டை ஒட்டிய ஊர்களில் மக்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தார்கள். புனேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தினர் வந்து ஆராய்ந்தபோது, அது உண்ணிக்கடியால் பரவும் புதிய வைரஸ் என்பது தெரிந்தது. பல பத்தாண்டுகள் ஷிமோகாவிலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் அடங்கிக் கிடந்த நோய், 2012 இறுதியில் பந்திப்பூரில் தலைகாட்டியது. செத்த குரங்குகளை அப்புறப்படுத்தி எரித்த வனப் பணியாளர்களே அங்கு நோயில் விழுந்தார்கள். அதையடுத்து நீலகிரி, வயநாடு பக்கமும் அதன் தடம் தெரிந்தது.

இந்த நோய் சேர்வராயன் மலையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு பீதியைக் கிளப்பவும் எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். நாளைக்கு அது இங்கே வந்தால், வந்தது நமக்கு எப்படித் தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதம். காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு குரங்குகள் செத்துக் கிடந்தன. நாற்றம் தாங்காமல் பெண்கள் சொல்லித்தான் மேஸ்திரிக்கே தெரிந்திருக்கிறது. வேறு வேலையாக அங்கு போயிருந்த நான் குனிந்து பார்த்தேன். ஒன்று இறந்து நாளாகியிருந்தது. மற்றது அன்றுதான் இறந்திருக்க வேண்டும். அதன் காதோரத்திலும் இமையோரத்திலும் எள்ளளவு உண்ணிகள் அப்பியிருந்தன. சில பிடியை விட்டு மயிர்நுனிக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. உடல் குளிர்ந்தால் உண்ணி அங்கே தங்காது; இறங்கி, சருகுக்குள் அடுத்த உடலுக்காகக் காத்திருக்கும். அதே சருகின் மேல்தான், பத்தடி தள்ளி, அந்தப் பெண்கள் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டார்கள். இரண்டு ஆட்கள் வெறுங்கையால் இழுத்துப் போய்க் குழியில் தள்ளினார்கள். அத்துடன் விஷயம் முடிந்தது. யாருக்கும் தகவல் போகவில்லை. அந்தக் குரங்குகள் எதனால் செத்தன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மேஸ்திரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? மாடு செத்தால் சொல்ல ஆள் இருக்கிறது, ஏனென்றால் அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார். எந்தத் தொழுவத்தில் மாடு செத்தாலும் சேதி வந்துசேரும் ஏற்பாடு இருந்ததால்தான், மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோயைத் துரத்திப் பிடிக்க முடிந்தது. 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். குரங்குக்குச் சொந்தக்காரர் இல்லை. வனத்துறையைக் கேட்டால் கால்நடைத்துறை, கால்நடைத்துறையைக் கேட்டால் சுகாதாரத்துறை என்று மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டும். உடல்நல ஆலோசனைக்கு 104 இருக்கிறது, கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 இருக்கிறது. செத்த குரங்குக்கு எந்த எண்?

பழம் பறிப்பதும் இந்த நோயின் பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன என்பதுதான் என் பெரிய கவலை. இளம் உண்ணிகள் பெருகும் டிசம்பர் முதல் மே வரைதான் கர்நாடகத்தில் நோய் அதிகம். அந்த மாதங்களில்தான் எங்கள் தொழிலாளர்கள் நாள் முழுக்கச் சருகில் நிற்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள், மாடுகளைக் காட்டோரம் ஓட்டுகிறார்கள். திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடம்பை முறிக்கும் வலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தக் கசிவு. ரத்தத்தில் தட்டணுக்களும் குறையும். மலையிலிருந்து இப்படியொருவர் சேலத்துக்கு இறங்கி வந்தால் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். டெங்கு இல்லை என்று முடிவு வந்தால், 'ஏதோ வைரஸ் காய்ச்சல்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்கும் நோய் இது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. பல காலம் போட்டுவந்த தடுப்பூசியையும் போதிய பலன் இல்லை என்று கர்நாடகத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே, சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒன்றே வழி. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் வருகிறதே என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பியதால்தான் அது சீக்கிரம் பிடிபட்டது. அதற்குள்ளாகவே, முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினிக்குத் தொற்றிவிட்டது, அவரை இழந்தோம்.

நம் ஊர்களில் குரங்கு இறந்தால் ஆஞ்சநேயராக நினைத்து மஞ்சள் நீர் தெளித்து, மாலை போட்டு அடக்கம் செய்கிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். மாலையைச் சற்றுத் தள்ளி வைத்துக் கும்பிடுங்கள், உடலைத் தொடாதீர்கள் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குரங்குகளை அடித்து விரட்டலாமே என்று யாரும் கிளம்பிவிடவும் வேண்டாம். இந்த நோயில் நமக்கு முன்பே சாகிறவை அவைதான். கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்தி அவற்றுக்குச் சிப்ஸ் பாக்கெட் நீட்டும் சுற்றுலாப் பயணிகள் அந்தப் பழக்கத்தை விட்டாலே பெரிய உதவி.

கர்நாடகத்தில் குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டர் வரை உண்ணி மருந்து தெளிக்கிறார்கள். காட்டுக்குள் போகிறவர்களுக்குக் கை கால்களில் பூச எண்ணெய் கொடுக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகும் நிலை வராமலிருக்கட்டும். மாவட்ட நிர்வாகம் மூன்று துறைகளையும் ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்து, ஒரே ஒரு தொலைபேசி எண்ணை முடிவு செய்தால் போதும். அந்த எண் தோட்டத்து எடைக் கொட்டகைகளிலும், ரேஷன் கடைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எழுதப்பட வேண்டும். காய்ச்சலோடு மலையிலிருந்து வருபவரிடம் 'எங்கே வேலை, அங்கே குரங்கு ஏதும் செத்துக் கிடந்ததா?' என்று கேட்கும்படி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அதற்குள் இது நடக்கத் தாங்கள் இந்தக் கடிதத்தை வெளியிடுவதோடு, அதிகாரிகளிடமும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
ஏற்காடு.