சுவரில் ஒரு பென்சில் கோடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. போன் பண்ணினால் "நல்லா இருக்கேம்ப்பா" என்று சொல்லிவிட்டு உடனே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் விஷயம் அப்படியேதான் கிடக்கிறது. சரி, அதை விடு.

மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த பிறகு கை மேலே ஏறுவதற்காகச் சொன்ன சுவர்ப் பயிற்சியைச் செய்கிறாயா? பிசியோதெரபி பெண் சொன்னதை நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். சுவரைப் பார்த்து நின்று, எறும்பு ஏறுகிற மாதிரி விரல்களை மேலே நகர்த்த வேண்டும். இழுக்கிற இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும், வலிக்கிற வரைக்கும் போகக் கூடாது. காலையில் பத்து, மாலையில் பத்து. அப்புறம் படுத்தபடி ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோவது. ஒட்டடைக் கம்பு போதும். ரேடியேஷன் கொடுத்த இடம் நாளாக நாளாக இறுகும் என்றாளே, மறந்துவிட்டாயா? வாரத்துக்கு 150 நிமிடம் நடை. அலுப்பாக இருந்தால் மொட்டைமாடியிலேயே பத்துப் பத்து நிமிடமாக நட.

கீமோ ஏற்றிய மறுநாளே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவள் நீ. அத்தையிடம் அதை நூறு தடவை சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவளுக்குச் சுவர் முன்னால் நிற்கப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா?

பாப்பா போனில் சொன்னாள்: "தாத்தா, அம்மாவுக்கு முடி வளந்திருச்சு, நான்தான் சீவி விடுறேன்." பெருமையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1998-ல் நீ ஆறாம் வகுப்பு. திண்ணையில் உட்காரவைத்து அம்மாவுக்குப் பின்னிவிடுவாய். அம்மா மேல் என்ன பாசம் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கும் இதே நோய்தான்; கை தோளுக்கு மேலே ஏறவில்லை, அதனால்தான் நீ பின்னினாய். கையை அசைக்காதே, குடத்தைத் தொடாதே என்று அவளை உட்காரவைத்தவன் நான். கை வீங்கினபோதுகூட, "எதையோ தூக்கியிருப்பே" என்று திட்டினேன்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு கை வீங்கிய 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2009-ல் வந்ததாம். பிசியோதெரபி பெண்தான் சொன்னாள். பாதிப் பேருக்கு ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்திருக்கிறார்கள். வீக்கம் கூடவில்லை, தொந்தரவுதான் குறைந்ததாம். உனக்காகச் சொன்னாள். நான் அம்மாவை நினைத்துக்கொண்டு நின்றேன். 2009-ல் அவள் இல்லை. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

விரல் எட்டுகிற இடத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு போடு. தேதியும் எழுது. வீட்டுக்காரர் சத்தம் போட்டால் நான் வந்து வெள்ளையடித்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நல்லா இருக்கேன் என்று சொல்ல வேண்டாம். கோடு எங்கே இருக்கிறது என்று சொல்.

அப்பா