உட்கார ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் 39 ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை நான். எனக்கு வயது 68, என் கணவருக்கு 73. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் உடம்பும் மனமும் ஒருசேரச் சுருங்கிவிடும் என்பதால், மாதத்தில் மூன்று நான்கு நாட்களாவது இருவருமாகக் கிளம்பி நகரத்தில் எங்காவது போய்வருவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். அப்படிப் போய்வரும்போது எங்களை வெயிலையும் கூட்டத்தையும்விட அதிகமாக வாட்டுவது, வழியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்திருக்க இடமில்லாத நிலைதான். சிறிய குறையாகத் தோன்றும் இது, வெளியே போகலாமா வேண்டாமா என்பதையே எங்களைப் போன்றவர்களுக்குத் தீர்மானித்துவிடுகிறது என்பதால், தங்கள் நாளிதழ் வழியாக இதை எல்லோருடைய பார்வைக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதுவது முறையல்ல. சென்னையில் 60 வயதைக் கடந்தவர்கள் மாநகரப் பேருந்துகளில் மாதம் 10 முறை கட்டணமின்றிப் பயணம் செய்ய டோக்கன் வழங்கும் திட்டம் 2016 முதல் நடப்பில் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் எவருக்கும் கட்டணம் இல்லை. ஆகவே என் கணவர் ஒரு டோக்கனைக் கொடுக்க, நான் கட்டணமில்லாச் சீட்டைப் பெற்றுக்கொள்ள, காலையில் பெரம்பூரில் 29சி வெள்ளை போர்டு வண்டியில், அதாவது சாதாரணக் கட்டணப் பேருந்தில், ஏறினால் ஜெமினி, லஸ், அடையாறு, பெசன்ட் நகர் என்று நகரத்தின் வடக்கிலிருந்து தெற்குவரை காசில்லாமல் போய்விடலாம். எழும்பூரில் 1851-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. அதை ஒட்டியே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்கரை. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் இருவருக்கு இவ்வளவு பெரிய ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பெரும் பேறாகவே நினைக்கிறேன்.

இடர் வருவதெல்லாம் பேருந்தை விட்டு இறங்கிய பிறகுதான். என் கணவருக்கு முழங்கால் தேய்மானம். ஐந்து நிமிடம் நடந்தால் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் மறுபடி ஐந்து நிமிடம் தயங்காமல் நடப்பார். இடையிடையே உட்கார்ந்து போகக் கிடைத்தால் ஒரு நாளில் மூன்று கிலோமீட்டர்கூட நடந்துவிடுவார். உட்கார இடம் கிடைக்கவில்லை என்றால் அரைக் கிலோமீட்டருக்குள் அவர் முகம் வெளிறிவிடும். அவரை நடக்கவைப்பதும் நிறுத்துவதும் தெருவில் உள்ள ஒரு பெஞ்சுதான் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

இதற்காகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எந்தப் பகுதியில் எங்கே உட்காரலாம் என்பது மட்டுமே அதில் இருக்கும். மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் லஸ் சர்ச் சாலையில் நாகேசுவரராவ் பூங்கா இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலின் வெளிப்பிராகாரம் இருக்கிறது. ஆனால் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிவரை அந்த இடம் கிடையாது. தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதையில் இருக்கைகள் உண்டு. ஒரு தெருவில் ஒரு மருந்துக் கடையின் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்தக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் அவற்றைத் துடைத்துப் போடுவார், நாங்கள் எதையும் வாங்க வேண்டும் என்று எதிர்பார்த்ததில்லை. காபிக் கடைகளில் காபி வாங்கினால் உட்காரலாம். ஆனால் உட்காருவதற்காகவே காபி குடிப்பது சர்க்கரை நோயுள்ள எங்கள் இருவருக்கும் ஆகாது. குறிப்பேட்டில் இப்படி எழுதிவைத்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் 40-ஐக்கூடத் தாண்டவில்லை. இவ்வளவு பெரிய ஊரில், 20 ஆண்டு சுற்றியபின், பொருள் வாங்காமல் உட்கார எனக்குத் தெரிந்த இடங்கள் அவ்வளவுதான்.

பேருந்து நிறுத்தங்களில் இருக்கைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். சிலவற்றில் இருக்கின்றன. என் கணவர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், ரயில் பெட்டிகளுக்குள் இருக்கைகளைப் பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த இருக்கையைக் கண்டாலும் அவர் கை அதன் உயரத்தைத் தானாகவே அளந்து பார்க்கும். தரையிலிருந்து ஒரு முழம், அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் முதியவர்களால் பிறர் உதவியின்றி எழுந்திருக்க முடியும், அதற்குக் கீழே போகப் போக உடம்பின் பளு முழுவதும் முழங்காலில் இறங்கும் என்பார். முதுகுக்குச் சாய்மானமும், எழும்போது ஊன்றிக்கொள்ள இருபக்கமும் கைப்பிடியும் வேண்டும். பல நிறுத்தங்களில் இருப்பது முன்பக்கம் சரிந்த இரண்டு மூன்று எஃகுக் குழாய்கள். அவற்றில் சாய்ந்து நிற்கலாமே தவிர உட்கார முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் கையை வைத்தாலே சுடும். வாழ்நாள் முழுவதும் முன்பின் அறியாத பயணிகளுக்காக இருக்கை பொருத்திய ஒரு மனிதர், தான் உட்கார ஓர் இருக்கையைத் தேடி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

கடந்த பங்குனியில், மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா முடிந்து சில நாட்கள் கழித்து நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். காலையில் பெரம்பூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் போகும்போது உட்கார்ந்தே போய்விடுவோம். திரும்பும்போது பாதி வழியில் ஏற வேண்டும். அன்று நண்பகல், நகரின் நடுவே ஒரு நிறுத்தத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நிழற்குடையில் இருக்கை இருந்ததற்கு அடையாளமாகத் தரையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. என் கணவர் ஒரு கையால் தூணைப் பிடித்தபடியே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சாலையோரக் கருங்கல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கால்மாட்டில் வண்டிகள் உரசிக்கொண்டு போயின. எழுப்பவும் எனக்குத் தெம்பில்லை, அப்படியே விடவும் மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தன் மர ஸ்டூலை எடுத்துவந்து போட்டு, “ஐயா, நீ இதுல குந்து. நான் தரையில குந்திக்கிறேன்” என்று கையைப் பிடித்துத் தூக்கினார். நாள் முழுவதும் உட்கார்ந்து பூக்கட்டிப் பிழைப்பவரின் ஒரே இருக்கை அது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் கணவர் எங்கேயும் வர மறுத்துவிட்டார். வலி காரணமில்லை, தெருவோரத்தில் அப்படி உட்கார நேர்ந்ததன் கூச்சம்தான் காரணம் என்று பின்னால் சொன்னார்.

வழிப்போக்கனுக்கு உட்கார இடம் தருவது நமக்குப் புதிய செய்தியே அல்ல. நான் பிறந்த ஊரில் தெருப் பார்த்த வீடுகள் எல்லாவற்றிலும் திண்ணை இருந்தது. யார் என்று கேட்காமல் உட்கார விட்டார்கள், தண்ணீர் கொடுத்த பிறகுதான் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் இருந்தது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அதை வைத்தார்கள். உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பதை என் கணவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். பெரம்பூரில் எங்கள் தெருவிலேயே நாங்கள் குடிவந்தபோது ஏழெட்டு வீடுகளில் திண்ணை இருந்தது. வீடுகள் அடுக்குமாடிகளாக மாறின, திண்ணை இருந்த இடத்தில் வண்டி நிறுத்தும் சரிவுப் பாதை வந்துவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவரவர் தேவை அவரவருக்கு. தனியார் கொடுத்துவந்த இடம் மறைந்துபோனால் அதைப் பொதுவில் ஏற்படுத்தித்தர வேண்டியிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு மறுப்புகள் வருகின்றன. பெஞ்சு போட்டால் இரவில் குடிப்பவர்களும் வீடற்றவர்களும் அங்கே படுத்துவிடுகிறார்கள், ஆகவே போடாமலிருப்பதே நல்லது என்பது ஒன்று. படுக்க இடமில்லாதவர் பெஞ்சில் படுப்பதைத் தடுக்கப் பெஞ்சையே எடுத்துவிட்டால், அவர் தரையில் படுப்பார். பகலில் நாங்களும் தரையில் உட்கார வேண்டியதுதான். அவருக்கு வேண்டியது இரவுக் காப்பகம். அதைத் தராததற்கு ஈடாகப் பகல் நேரத்து முதியவர்களின் இருக்கையைப் பறிப்பது இருவருக்குமே இழைக்கும் அநீதி என்பதை உறுதியாகச் சொல்வேன். நடைபாதை ஏற்கெனவே குறுகல், பெஞ்சுக்கு எங்கே இடம் என்பது மற்றொன்று. நடைபாதையில் 1.8 மீட்டர் அகலமாவது நடப்பவர்களுக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதை மீறச் சொல்லவில்லை. மரங்களும் விளக்குக் கம்பங்களும் மின்சாரப் பில்லர் பெட்டிகளும் ஏற்கெனவே ஒரு வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் யாரும் நடப்பதில்லை. அரை மீட்டர் ஆழமுள்ள ஓர் இருக்கை அங்கே யாருக்கும் இடைஞ்சலில்லாமல் அமையும்.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்றுகள் இருக்கின்றன. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தபோது, அங்கே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, பொருள் எதுவும் வாங்காமல், போகிற வருகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருமணமாகி வந்த புதிதில் இருவரும் கடற்கரையில் உட்கார்ந்து பேசியதற்குப் பிறகு அவ்வளவு நேரம் வெளியில் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானாலும் சரிசெய்தார்கள். மணலில் கால் புதைந்து நடக்க முடியாமல் பல ஆண்டுகளாகத் தொலைவிலிருந்தே அலையைப் பார்த்துவந்த நாங்கள் அந்தப் பாதை வழியாகத்தான் நீரை நெருங்கிப் போனோம். 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்துகளில் ஏறுவது எங்கள் வீட்டுப் படி ஏறுவதைவிட எளிது. இவ்வளவும் செய்தவர்களால் நிறுத்தத்தில் ஓர் இருக்கையும் செய்ய முடியும்.

ஆகவே பொறுப்பில் உள்ளவர்களிடம் நான் கேட்பது இதுதான். பேருந்து நிறுத்தங்களில் சரிந்த குழாய்களை எடுத்துவிட்டு, ஒரு முழ உயரத்தில், சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கைகளை, இரண்டே இரண்டாவது, பொருத்துங்கள். மெட்ரோ ரயில் பணிக்காக இடம் மாறிய தற்காலிக நிறுத்தங்களில் நிரந்தரக் கட்டடம் வேண்டாம், ஒரு பெஞ்சும் ஒரு கூரைத் தகடும் போதும். அந்தப் பணி முடிய ஆகும் ஆண்டுகள் எங்கள் வயதுக்காரர்களுக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதி. மருத்துவமனை, கோயில், நூலகம், சந்தை ஆகியவற்றுக்கும் அவற்றுக்கு அருகிலுள்ள நிறுத்தத்துக்கும் இடையே, ஐந்து நிமிட நடைக்கு ஒன்றாக ஓர் இருக்கை வேண்டும். அது நிழலில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு பல தெருக்கள் இன்னும் வெட்டவெளியாகவே கிடக்கின்றன. புதிதாக நடும் மரங்களின் அடியிலேயே இருக்கைக்கு இடம் ஒதுக்கிவிட்டால் மரம் வளரும்போது நிழலும் வந்துவிடும். அவற்றை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் முன், அந்த வழியில் முதியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அவர் எங்கே நின்று தூணைப் பிடிக்கிறாரோ அங்கே போட்டால் போதும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், வெண்கலச் சிலைக்கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரை மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று என் கணவர் தாமாகவே சொல்லியிருக்கிறார். பங்குனிக்குப் பிறகு அவராக வாய்திறந்து கேட்ட முதல் பயணம் இது. எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி பாந்தியன் சாலை வழியாக அருங்காட்சியக வாசல்வரை நடக்கும் வழியில் என் குறிப்பேட்டில் ஓர் இடம்கூட இல்லை. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களோ நாள்தோறும் நடப்பவர்களோ, இரண்டு முதியவர்கள் சில நிமிடம் உட்கார்ந்து போக ஏற்ற மரத்தடியையோ திண்ணையையோ கடை வாசலையோ அறிந்திருந்தால், இந்தப் பகுதியிலேயே எழுதித் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.