எட்டு மாத உழைப்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு சோதனை

சிங்கப்பூரில் உயிர்மருத்துவ ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். புவன விஸ்தா அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நான் எழுத வந்தது ஒரு சின்னக் குப்பியைப் பற்றி. அதில் இருப்பது 100 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் பொருள். இரண்டு துளி அளவு. விலை சில நூறு வெள்ளி.

மனித உடலில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அத்தனை புரதங்களுக்கு நடுவே நாங்கள் தேடும் ஒன்றை மட்டும் அந்த ஆன்டிபாடி பற்ற வேண்டும். நாங்கள் வாங்கியது, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், எதிர்பார்த்த எடையிலேயே தெளிவான பட்டையைக் காட்டியது. அதை நம்பி எட்டு மாதம் உழைத்தோம். பிறகுதான், மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறையில் அந்தப் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிய உயிரணுக்களைச் சோதித்தோம். புரதம் இருக்கவே முடியாத இடத்தில் அதே பட்டை, அதே கருமை. ஆன்டிபாடி பற்றியிருந்தது வேறு எதையோ. உடன் உழைத்த ஆய்வு மாணவி அன்று மாலை யாரிடமும் பேசவில்லை. தொடக்கத்திலேயே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். அதற்குத் திட்டத்தில் பணமும் இல்லை, நாளும் இல்லை.

இது எங்கள் கூடத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா என்ற புரதத்துக்கான 13 ஆன்டிபாடிகளைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. தேறியது ஒன்றே ஒன்று. அதை வைத்துப் பார்த்தபோது, மார்பகத் திசுவில் இருப்பதாகப் பலரும் எழுதிவந்த அந்தப் புரதம் அங்கே தென்படவில்லை. எத்தனை பேருடைய உழைப்பு!

முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கும், பல ஆன்டிபாடிகள் கலந்த பாலிகுளோனல் வகை, முயல் மாறினால் தானும் மாறும். ஆகவே ஒருமுறை தேறியது என்று விட்டுவிடவும் முடியாது.

ஒவ்வொரு திட்டத்திலும் முதல் மூன்று மாதங்களையும் அதற்குரிய பணத்தையும் ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஒதுக்குங்கள். அந்த மாதங்களுக்கு ஆய்வுக் கட்டுரை கேட்காதீர்கள். மரபணு நீக்கிய உயிரணுக்களுக்குப் பொதுக் களஞ்சியம் ஒன்றும் வேண்டும். ஒரே உயிரணுவை ஐந்து கூடங்கள் தனித்தனியே உருவாக்குவானேன்? மரபணுவை நீக்கினால் உயிரணுவே மடிந்துபோகும் புரதங்களும் உண்டு. அவற்றுக்கு மரபணுவின் செயற்பாட்டைக் குறைத்துப் பார்க்கலாம். தோல்வியடைந்த சோதனைகளின் படங்களும் அக்களஞ்சியத்தில் இருக்கட்டும். அடுத்தவர் அதே குப்பியை வாங்குமுன் பார்ப்பார்.

நாங்கள் உருவாக்கிய உயிரணுக்கள் 12 குப்பிகளில் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. களஞ்சியம் தொடங்கும் நாளில் அவற்றில் பாதியைக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுக்கூட அலுவலர்