சாவி வீட்டுக்குள், கார் திருடன் கையில்

ஆசிரியருக்கு,

சாவி அலமாரியில் பத்திரமாக இருக்கும்போதே கார் களவு போவது எப்படி என்று பலருக்கும் புரிவதில்லை. சாவியைச் செருகாமலே திறந்து ஓட்டக்கூடிய கார், 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் தன் சாவியை அழைக்கிறது. அது ஓரிரு மீட்டர்தான் எட்டும். சாவி பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் தருகிறது. அந்த அழைப்பைக் கருவி வைத்து வீட்டு வாசல் வரை நீட்டினால், கொக்கியில் தொங்கும் சாவி காரின் பக்கத்தில் இருப்பதாகவே பதில் சொல்லிவிடும். ரகசியக் குறியீட்டை யாரும் உடைப்பதே இல்லை. ஓடத் தொடங்கிய எஞ்சினும், சாவி விலகியதற்காக நடுச்சாலையில் நின்றுவிடாது.

சாவியை அலைத்தடுப்பு உறையில் போட்டு, கார் கதவருகே நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் உறை வீண். மடிப்பில் உட்பூச்சு விரிசல் விடும். மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். மாற்றுச் சாவிக்கும் உறை தேவை.

உறையால் தடுக்க முடியாத வழியும் உண்டு. 2022இல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 காரின் முகப்பு விளக்கு இணைப்பு வழியாக காரின் பாகங்களை இணைக்கும் உள் வலையமைப்புக்கே பொய்க் கட்டளை அனுப்பித் திருடினார்கள். அங்கே ஸ்டீயரிங் சக்கரத்தில் மாட்டும் பூட்டுதான் கைகொடுக்கும். உள்வலையில் வரும் கட்டளைகளுக்கும் குறியாக்கச் சான்று, அதாவது கட்டளை உண்மையானதா என்று சரிபார்க்கும் ரகசிய முத்திரை, வைப்பது தயாரிப்பாளர்களின் கடமை. அந்தச் சுமையை வாங்கியவர் தலையில் கட்டக்கூடாது.

ஒரு வாகன மின்னணுத் தொழில்நுட்பர்