வெள்ளிக்கிழமைக் கூட்டமும் செவ்வாய்க்கிழமை வாக்கும்

கொலம்பஸ் அருகே, ஒஹையோ
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான். வேறு சாக்குச் சொன்னால் நீ நம்பமாட்டாய். முழங்காலுக்கு நீ எழுதியிருந்த தைலத்தை இங்குள்ள இந்தியக் கடையில் கேட்டேன். கடைக்காரர் மூன்று வேறு தைலங்களை எடுத்து நீட்டினார், அது மட்டும் இல்லை. வீட்டில் இவர் நலம். மகள் போன வாரம் சிகாகோவிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். எதற்கு வந்தாள் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் சேதி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியையைச் சும்மா இருக்கவிடாமல் நம் பழைய பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்று சேர்த்துக்கொண்டார்கள், சரி. சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்பதால் நீ ஒருத்தி சொல்லி எதுவும் நடக்காது என்று அலுத்துக்கொண்டிருந்தாய். அதுவும் சரி. முன்னாள் மாணவிகள் கூடிப் பள்ளி வாசலில் அலங்கார வளைவு கட்டப் பணம் திரட்டுகிறார்கள், உள்ளே கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் இருக்கும் ஊரிலும் இதே கூத்துதானடி. வளைவுக்குப் பதில் ஸ்கோர்போர்டு, தண்ணீருக்குப் பதில் பஸ்.

இங்கே பள்ளிகளை ஊர்தான் நடத்துகிறது. ஊருக்கு ஊர் 'ஸ்கூல் டிஸ்டிரிக்ட்' என்று தனித்தனி அமைப்பு; ஒஹையோவில் மட்டும் 600க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கூல் போர்டு, பெரும்பாலும் ஐந்து பேர், ஊரார் வாக்களித்து நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுப்பவர்கள். உன் வட்டாரக் கல்வி அலுவலரைப் போல எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்கள் அல்லர். காய்கறிக் கடை வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவர்கள். அதனால் அவர்களைத் திட்டுவது சுலபம், திட்டியபின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

பள்ளிக்கான பணத்தில் ஒரு பங்கை மாநிலம் தரும். எங்களைப் போன்ற ஊர்களில் பெரும்பங்கு ஊராரின் வீட்டு வரி. அந்த வரியைக் கூட்டவேண்டுமென்றால் 'லெவி' என்று வாக்குச்சீட்டில் போட்டு ஊராரிடமே கேட்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது; நீ கணக்கு வாத்தியார், ஒரு மூச்சில் பிடித்துக்கொள்வாய். வீட்டின் மதிப்பு 3,00,000 டாலர் என்று வைத்துக்கொள். அதில் 35 சதவீதத்துக்குத்தான் வரி, அதாவது 1,05,000. ஆயிரத்துக்கு ஒரு டாலர் என்பதை ஒரு 'மில்' என்பார்கள். ஆக ஒரு மில் லெவிக்கு வருடம் 105 டாலர். எங்கள் ஊரில் கேட்டது ஐந்து மில்.

வீட்டு மதிப்பு ஏறினால் லெவிப் பணமும் தானாக ஏறும் என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1976இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வீட்டு மதிப்பு ஏற ஏற, பழைய லெவியின் விகிதம் இறங்கிக்கொண்டே வரும். பள்ளிக்குக் கிடைக்கும் தொகை ஏறக்குறைய பழைய தொகைதான். (20 மில்லுக்குக் கீழே இறங்காது என்று ஒரு வரம்பு உண்டு, அதைத் தொட்டுவிட்ட ஊர்களின் கதை வேறு. அதற்குள் இறங்கினால் இந்தக் கடிதம் முடியாது.) டீசல் ஏறுகிறது, சம்பளம் ஏறுகிறது, லெவி மட்டும் நட்ட கல்லாக நிற்கிறது. அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை போர்டு ஊரார் முன்னால் வந்து கையேந்தவேண்டும். கையேந்துகிறவனைக் கண்டால் கோபம் வருவது எந்த ஊரிலும் இயல்புதானே.

இது நியாயமில்லை என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தென்கிழக்கே நிலக்கரிச் சுரங்கப் பகுதியான பெரி கவுண்டியிலிருந்து 1991இல் தொடங்கிய டிரால்ஃப் வழக்கில், 1997இல் மாநில உச்சநீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: வீட்டு வரியை இவ்வளவு நம்பிப் பள்ளி நடத்துவது மாநில அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது. அதன்பின் 2000, 2001, 2002 என்று மேலும் மூன்று தீர்ப்புகள். கடைசியில் நீதிமன்றம் கையைக் கழுவிக்கொண்டது. சட்டசபை 2021இல் புதிய கணக்கொன்றைக் கொண்டுவந்தது என்றாலும் லெவி போகவில்லை. தீர்ப்பு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம் ஊரில் மட்டும்தான் நம்புகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லெவி மே மாதம் தோற்றது. நூறு வாக்குக்கும் குறைவான வித்தியாசம்.

தோற்றதும் போர்டு வெட்ட ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு வரை, இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே பஸ் விடவேண்டும் என்பது மாநிலச் சட்டம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயமில்லை. ஆகவே அவர்கள் பஸ் போயிற்று. விளையாட்டுக்கும் பேண்ட் வாத்தியக் குழுவுக்கும் கட்டணம் வந்தது. ஓவிய ஆசிரியை இப்போது இரண்டு பள்ளிக்கு ஒருவர்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், காலை ஏழு மணிகூட ஆகவில்லை, கும்மிருட்டு, தூறல். நான் காரில் போகிறேன். எங்கள் சாலையில் நடைபாதை கிடையாது, ஓரத்தில் புல்லும் பள்ளமும்தான். அங்கே ஒரு பையன் தன் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கும் டிராம்போன் பெட்டியை (டிராம்போன் என்பது நீளமான பித்தளை ஊதுவாத்தியம்) தூக்கிக்கொண்டு நடக்கிறான். இருபது அடிக்கு ஒருமுறை கை மாற்றுகிறான். மாற்றும்போதெல்லாம் நின்று, பெட்டியைக் கீழே வைக்காமல், காலணியின் மேல் நிறுத்திக்கொள்கிறான். ஈரத்தில் வைக்கக்கூடாது என்று பேண்ட் ஆசிரியர் சொல்லியிருப்பார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுப் பையன், எனக்குத் தெரிந்தவன். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். பெட்டி பின்சீட்டில் குறுக்கே கிடந்தது, அவன் அதன் மேல் கை வைத்தபடி வந்தான். "தினமும் இப்படித்தானா?" என்றேன். "மழை பெய்தால்தான் கஷ்டம்" என்றான். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நவம்பரில் லெவியை மறுபடி வாக்குக்கு வைக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச இந்த மாதம் போர்டு கூட்டம். இவருக்கு வேடிக்கை பார்க்க ஆசை, எனக்குக் குற்ற உணர்ச்சி, இருவரும் போனோம். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். பேச விரும்புவோர் சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். எதிரே ஒரு சின்ன விளக்குக் கம்பம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிந்தால் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்தவேண்டும். உன் கிராமசபைக்கு இப்படி ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று யோசித்தேன்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்தார். எழுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். பள்ளி நாளில் ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடி முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம்) ஆடி வாங்கிய ஜாக்கெட்டை அணிந்து வந்திருந்தார், நெஞ்சில் பள்ளியின் முதலெழுத்து. பொத்தான் பூட்டவில்லை. பூட்ட முடியாது. "இந்த எழுத்துக்காக மூக்கை உடைத்துக்கொண்டவன் நான்" என்று ஆரம்பித்தார். "என் வீட்டு மதிப்பை ஏற்றினார்கள், வரி ஏறியது, அந்தப் பணம் எங்கே என்றால் பள்ளிக்கு வரவில்லை என்கிறீர்கள். என் ஓய்வூதியத்துக்கு மதிப்பு ஏற்றுவார் யார்?" கூடம் கைதட்டியது. எனக்குக் கைதட்டவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. பனிக்காலத்தில் விடியற்காலையில் தன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசல் பனியை ஒதுக்கித் தருபவர் அவர். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். அவர் சொன்ன கணக்கில் பாதி தவறு, வருத்தத்தில் ஒன்றும் தவறில்லை.

சொல்லவேண்டியது என்னவென்றால், ஸ்கோர்போர்டு. ஃபுட்பால் மைதானத்தில் பழைய ஸ்கோர்போர்டு பழுதாகிவிட்டது. விளையாட்டு ஆதரவாளர் சங்கம் ஒன்று உண்டு, பெற்றோரும் கடைக்காரர்களும். மே மாதத்தில் லெவி தோற்ற அதே ஊரில், ஜூன் ஜூலைக்குள் பணம் சேர்ந்து புதிய ஸ்கோர்போர்டு வந்துவிட்டது. மின்விளக்கில் பளபளக்கிறது. அடியில் வரிசையாகக் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை. எதிர்வீட்டுப் பெரியவர் பெயரும் இருக்கிறது.

இவர் சொல்கிறார், இது ஒன்றுமே இல்லை, மாசிலனைப் போய்ப் பார் என்று. இங்கிருந்து இரண்டு மணி நேரம் வடகிழக்கே. ஊரில் சுமார் 32,000 பேர், உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். பக்கத்து ஊர் கான்டன் பள்ளியோடு 1894 முதல் மோதல். ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் மருத்துவமனையிலேயே கையில் ஒரு குட்டி ஃபுட்பாலைக் கொடுக்கிற வழக்கம் இருந்ததாம். பெண் பிறந்தால் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன், இவருக்குத் தெரியவில்லை.

இப்போது மகள் வந்த கதை. ஹோம்கமிங் என்று வருடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பழைய மாணவர்களை அழைப்பார்கள். முன்னாள் பேண்ட் பிள்ளைகள் இடைவேளையில் ஒரு பாட்டு வாசிக்கலாம். அதற்காகவே வந்தாள், கிளாரினெட்டை இரவல் வாங்கிக்கொண்டு. அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் கொண்டாட்டம். ஒரு நாள் இரவு உடையில் வரலாம், ஒரு நாள் பள்ளி நிறத்தில் வரலாம் என்று. நம் ஆண்டு விழாவில் நீ அவ்வை வேடம் போட்டுத் தடியை மறந்துவிட்டு மேடையேறினாயே, அந்த மாதிரிக் கூத்து ஐந்து நாளைக்கு.

பேண்ட் அறையில் சீருடைக் கோட்டுகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மகள் தன் பழைய கோட்டைத் தேடி எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணிப்பட்டை. அதில் அந்தக் கோட்டை அணிந்தவர்கள் பெயரை மசியால் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே இருப்பவை வெளிறிப்போய்விட்டன. நான்காவதாக என் மகள், நம் எழுத்துக்கூட்டலில், நீளம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து மடிந்து கீழே இறங்கியிருக்கிறது. அவளுக்குப் பின் இன்னும் மூன்று பெயர். ஏழாவது, அந்த டிராம்போன் பையன்.

அன்றிரவு மைதானத்தில் இடமில்லை. நின்றுகொண்டு பார்த்தோம். ஊரே பள்ளி நிறத்தில் இருந்தது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்கள், முகத்தில் சாயம் பூசிய தாத்தாக்கள். பிள்ளைகள் வாசித்துக்கொண்டே மைதானத்தில் ஊரின் முதலெழுத்தாக வளைந்து நின்றபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரில் ஒரு வரிசைப் பேர் மே மாதத்தில் ஆம் என்று போட்டிருந்தால் போதும்.

அடியே சரசு, உன்னிடம்தான் சொல்கிறேன், இவருக்குக்கூடத் தெரியாது. மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வாக்களிக்கப் போகவில்லை. எதிர்ப்பெல்லாம் இல்லை. வேலை விட்டு வந்தேன், கால் வலி, மழை, மகள் படித்து முடித்துப் பல வருடம் ஆகிறது, ஜெயித்துவிடும் என்று நினைத்து டீ போட்டுக் குடித்தேன். பெரியவர் மழையில் போய் வேண்டாம் என்று போட்டுவிட்டு வந்தார். இப்போது சொல், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

நவம்பரில் போவேன். வீடு வீடாகத் துண்டுத்தாள் கொடுக்கவும் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்றுதான் தெரியவில்லை. முறுக்குச் சுட்டு எடுத்துப்போகலாம் என்று இருக்கிறேன், அவருக்குப் பிடிக்கும்.

உன் வளைவு விஷயத்துக்கு வருகிறேன். சண்டை போடாதே. நம் பள்ளி அலுவலக அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்ததே, நினைவிருக்கிறதா? காமராஜர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று 1958இலிருந்து ஊர் ஊராக நடத்தினார்கள். பெஞ்சு, மணி, பாத்திரம், நிலம் என்று ஊரார் கொண்டுவந்து குவித்தார்கள். அந்தக் கடிகாரமும் அப்படி வந்ததுதான் என்று பெரிய டீச்சர் சொல்வார். கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடைப் பெயர், எல்லாம் எழுதி முகப்பில் இடமே இருக்காது. நாம் படித்த காலமெல்லாம் மணி நாலேகால்தான். ஆனாலும் ஐம்பது வருடம் கழித்து அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம்.

அதனால் வளைவுப் பெண்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசாதே, தொட்டியைப் பற்றிப் பேசு. ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி உயரமான தொட்டி. வளைவில் எத்தனை பெயர் எழுதலாம்? தொட்டி வட்டம், சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல். என் பங்கை அடுத்த வாரம் அனுப்புகிறேன். எனக்குப் பெயரெல்லாம் வேண்டாம் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன், மேலே தாளில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான். போடு. அப்பாவின் முதலெழுத்தோடு போடு, ரோட்டுப் பக்கமாக.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி